614 ரூபாய் மைதானம்

சென்னை கிண்டி குதிரைப் பந்தயம் பற்றித் தமிழ்நாட்டில் பல்லாண்டுக் காலம் நடந்த வாதம் ஒரே கேள்வியைச் சுற்றியே வந்தது: அது சூதாட்டமா, திறமையா? கூலியை ரேஸில் விட்டவர்களின் குடும்பங்கள் தெருவுக்கு வருகின்றன என்ற கவலையோடு, 1974இல் மு. கருணாநிதி அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. பந்தயத்தை நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப் நீதிமன்றம் போனது. சட்டம் கிடப்பில் விழுந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கும் முடிவு கட்டியது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவற்றைக் கணித்துப் பணம் கட்டுவது திறமை சார்ந்தது, எனவே 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பொருந்தாது, 1986ஆம் ஆண்டுச் சட்டமோ செல்லாது என்றது.

தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும். ஆனால் ஊருக்கு முக்கியமான கேள்வி அந்த வாதத்துக்குள் வரவேயில்லை: பந்தயம் ஓடும் மண் யாருடையது? கிண்டியில் பந்தயம் 1777இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். கிளப் உருவானது 1896இல். 1945 முதல் 99 ஆண்டுகளுக்கு அரசு அதற்குக் குத்தகைக்கு விட்டது சுமார் 160 ஏக்கர். ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். சுற்றிலும் நிலம் பொன்விலைக்குப் போன பிறகும் கிளப் அதே வாடகையைக் கட்டிவந்தது. ஒழுக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசிய ஊர், வாடகையைப் பற்றிப் பேசவில்லை. தென்மாவட்டங்களின் மாட்டுவண்டிப் பந்தயத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்ற பிரிவுகளில் வண்டிகள் எல்லை தொட்டுத் திரும்புவது பொதுச் சாலையில். பந்தயம் முடிந்ததும் சாலை ஊருக்கே திரும்பிவிடும். கிண்டி மைதானம் அப்படித் திரும்பவில்லை.

குத்தகை ஒப்பந்தம் 2044 வரை இருக்க, அதை அரசு நடுவில் முறித்தது நியாயமா என்று கேட்பார்கள். வாக்கை அரசு மதிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் பொதுச்சொத்தைக் காலத்துக்கு ஒவ்வாத வாடகைக்கு விட்டுவைப்பதும் மக்களுக்குச் செய்யும் வாக்குமீறலே. வாடகையை உயர்த்த அரசுக்கு உரிமை உண்டு என்ற சென்னை உயர் நீதிமன்றம், 2023 மார்ச்சில் 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. அதற்குச் சில மாதம் முன்பு ஊட்டிப் பந்தய மைதானத்தையும் மீட்டிருந்தது. லாயங்களை நம்பிய குதிரைக்காரர்களின் பிழைப்பு என்ன ஆகும் என்பது ஒப்பந்த முறிவைவிட வலுவான கேள்வி. அவர்களுக்கு மாற்று வழி செய்வது அரசின் கடமை; ஆனால் அவர்களைக் காட்டிக் குத்தகையைக் காப்பாற்ற முடியாது.

கிளப்பின் பக்கம் உண்மையிலேயே கனமான வாதம் ஒன்று உண்டு. பந்தயம் இல்லாமல் போயிருந்தால் அந்த வெட்டவெளி என்றோ கட்டடமாகியிருக்கும். கிண்டியும் வேளச்சேரியும் மழைக்கு மூழ்கும் பகுதிகள். தண்ணீர் இறங்க மிஞ்சிய மண் அங்கே குறைவு. ஆகவே மீட்ட நிலத்தில் குளமும் பூங்காவும் வந்தால்தான் மீட்பு நியாயமாகும். நாளை அங்கே அலுவலகக் கோபுரங்கள் எழுந்தால், கிளப்பின் குத்தகையே ஊருக்கு நல்லதாக இருந்தது என்றாகிவிடும்.