சுருதி ஏறின கதை

பியானோ ட்யூன் பண்றவர் கச்சேரி மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதும் கேக்குற முதல் கேள்வி, "எத்தனையில வைக்கணும்?" 440ஆ, 442ஆ? நடு 'சி'க்கு மேல வர்ற 'ஏ' ஸ்வரம் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை அதிரணும்ங்கிறதுதான் கேள்வி. அந்த ஒண்ணை வச்சிட்டா மத்த ஸ்வரமெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி உக்காந்துடும்.

நமக்கு இது வேடிக்கையா இருக்கலாம். நம்ம கச்சேரியில பாடகர் சொல்றதுதான் சட்டம். அவருக்கு ஒண்ணரைக் கட்டைன்னா தம்புரா, வயலின், மிருதங்கம் எல்லாம் அங்க வந்து சேரணும். புல்லாங்குழல்காரர் பை நிறைய குழல் வச்சிருப்பார், கட்டைக்கு ஒண்ணா. (அந்த 'கட்டை'ங்கிறதே ஆர்மோனியத்துல எண்ணுற கட்டைதான்!) ஐரோப்பாவுல அறுபது எழுபது பேர் சேர்ந்து வாசிக்கிற இடத்துல அப்படி ஆளுக்குத் தகுந்த மாதிரி மாத்த முடியாது. ஒரு எண் வேணும். அந்த எண்ணை யார் முடிவு பண்றதுங்கிறதுல நூறு வருஷம் சண்டை நடந்திருக்கு. காது முடிவு பண்ணியிருக்கும்னுதான் நாம நினைப்போம். படிச்சுப் பார்த்தா, பெரும்பாலும் முடிவு பண்ணினது பர்ஸ்தான்.

லண்டனை எடுத்துக்குவோம். அங்க ஃபில்ஹார்மானிக் சொசைட்டின்னு 1813ல ஆரம்பிச்ச ஒரு சபா. பீத்தோவனுக்கு 50 பவுண்ட் கொடுத்து ஒன்பதாவது சிம்பொனியை எழுதச் சொன்ன அதே சபாதான். 1820கள்ல இவங்க 'ஏ' 433 பக்கம் இருந்தது. 1840களோட கடைசியில பார்த்தா 452! முக்கால் ஸ்வரம் ஏறிடுச்சு. யாரும் கூடி உக்காந்து ஏத்தலை. சுருதி கொஞ்சம் ஏறினா வாத்தியம் பளிச்சுன்னு கேக்கும். ஊதுவாத்தியம் செய்றவங்க போட்டி போட்டுக்கிட்டுப் பளபளப்பு கூட்டினாங்க, மத்தவங்க பின்னாடியே ஏறினாங்க. வயலினுக்கு என்ன, முடுக்கியை ஒரு திருகு திருகினா போதும்.

தொண்டைக்கு முடுக்கி கிடையாதே. அந்த ஒன்பதாவது சிம்பொனியோட கடைசிப் பகுதியில சோப்ரானோ பாடுற பெண்கள் மேல் 'ஏ'யைப் பிடிச்சு பல பார்கள் இழுக்கணும். அது சும்மாவே உயிரை வாங்குற இடம். பீத்தோவன் எழுதின அதே புள்ளியைத்தான் பார்த்துப் பாடுறாங்க, ஆனா சத்தம் முக்கால் ஸ்வரம் மேல நிக்குது. சிம்ஸ் ரீவ்ஸ்னு அந்தக் கால லண்டனோட பெரிய பாடகர், இந்தச் சுருதிக்குப் பாட மாட்டேன்னு ஒதுங்கிட்டார்.

பிரான்ஸ்லயும் இதே தலைவலி. பாரிஸ்ல 'ஏ' 448ஐத் தொட்டிருந்தது. அங்க பஞ்சாயத்து வேற மாதிரி போச்சு. அரசாங்கமே ஒரு குழு போட்டது. ரோஸினி, பெர்லியோஸ், மெயர்பீர்னு இசைக்காரர்கள், கூடவே லிஸாஜூ மாதிரி இயற்பியல்காரர்கள். 1859 பிப்ரவரியில 435ன்னு ஆணையே வந்துடுச்சு. (ஆணையில இருக்கிற எண் 870. பிரெஞ்சுக்காரங்க அரை அதிர்வை ஒண்ணா எண்ணுவாங்க, குழம்பிடாதீங்க.) 1885ல வியன்னாவுல ஒரு மாநாடு கூடி ஆஸ்திரியா, இத்தாலி, ரஷ்யா எல்லாம் அதையே ஏத்துக்கிட்டாங்க. முதல் உலகப் போர் முடிஞ்சு ஜெர்மனி கையெழுத்துப் போட்ட வெர்சாய் ஒப்பந்தத்துல, இனிமேலும் செல்லுபடியாகும் பழைய உடன்படிக்கைகள் பட்டியல்ல இந்தச் சுருதி உடன்படிக்கையும் இருக்கு! 282ஆவது பிரிவு. நம்பாதவங்க எடுத்துப் பாத்துக்கலாம் :-)

இங்கிலாந்துல அரசாங்கம் தலையிடலை. அதனால அங்க ட்யூனர் பாடுதான் திண்டாட்டம். பிராட்வுட் பியானோ கம்பெனியில ஹிப்கின்ஸ்னு ஒருத்தர். 1840ல பையனா ட்யூனர் வேலைக்குச் சேர்ந்து கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தவர். 1848ல ஷோப்பான் லண்டன் வந்தப்ப அவருக்கு ட்யூன் பண்ணிக் கொடுத்தவர் இவர்தான். அந்த ஒரே கம்பெனிக்குள்ள மூணு விதமான இசைக்கவை இருந்தது. (ஸ்கூல் லேப்ல ரப்பர் கட்டையில தட்டிக் காதுகிட்ட வச்சுப் பார்ப்போமே, அதேதான்.) கீழ 433 பக்கம் ஒண்ணு, நடுவுல 446 பக்கம் ஒண்ணு, உச்சியில 454ஐத் தாண்டி ஒண்ணு. பாட்டுக்குத் துணையா வாசிக்கிற பியானோவா, பெரிய கச்சேரியாங்கிறதைப் பார்த்து எந்தக் கவைன்னு எடுக்கணும்.

கவையை மாத்துறது சுலபம். பியானோவை மாத்துறதுதான் கஷ்டம். கம்பியோட இழுவிசை அதிர்வெண்ணோட வர்க்கத்துக்குத் தக்கபடி ஏறும், இது பள்ளிக்கூடப் பாடம்தான். 435லேர்ந்து 452க்கு ஏத்தினா அதிர்வெண் ஏறுறது நாலு சதவீதம், இழுவிசை ஏறுறது எட்டு சதவீதம். இன்னிக்குள்ள பெரிய கிராண்ட் பியானோவுல 230 கம்பிக்கு மேல, மொத்த இழுவிசை கிட்டத்தட்ட 20 டன். அதுல எட்டு சதவீதம்னா ஒன்றரை டன்! அவ்வளவும் சட்டத்து மேலயும் அடிப்பலகை மேலயும் இறங்கும். பலகை அழுந்தும்போது முதல்ல ட்யூன் பண்ணின கம்பி திரும்ப இறங்கிடும். ஒரு கோடியிலேர்ந்து மறு கோடிக்கு வந்து சேர்றதுக்குள்ள ஆரம்பிச்ச இடம் பேசுர் ஆகியிருக்கும். மறுபடி முதல்லேர்ந்து. ரெண்டு மூணு சுத்து வந்தாத்தான் நிக்கும், அதுவும் முழுசா நிக்காது.

இந்த ஹிப்கின்ஸுக்கு அலெக்ஸாண்டர் எல்லிஸ்னு ஒரு கூட்டாளி. பழைய இசைக்கவைகள், பழைய ஆர்கன் குழாய்கள்னு கிடைச்சதையெல்லாம் அளந்து 1880ல சுருதியோட வரலாறையே எழுதினவர். விஷயம் என்னன்னா, எல்லிஸுக்கு சங்கீதக் காது சுத்தமா கிடையாது! கணக்கு அவரோடது, காது ஹிப்கின்ஸோடது. அவங்க அளந்த ஹாண்டெலோட இசைக்கவை 422.5 காட்டிச்சு. அதாவது ஹாண்டெல் எழுதினதை லண்டன் அவர் கேட்டதைவிட ஒரு ஸ்வரத்துக்கும் மேல ஏத்திப் பாடிக்கிட்டிருந்தது.

எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு, சரி. அப்புறம் ஏன் இறக்கலை? கிளாரினெட்டும் ஓபோவும்தான் காரணம். ஊதுவாத்தியத்துல மூட்டைக் கொஞ்சம் இழுத்து விட்டுச் சுருதி இறக்கலாம், ஆனா இழுத்த இழுப்புக்குத் துளையெல்லாம் இடம் மாறாதே. முக்கால் ஸ்வரம் இறக்கணும்னா வேற வாத்தியம்தான் வாங்கணும். யாரு காசுல? வாசிக்கிறவர் கச்சேரிக்குக் கச்சேரி கூலி வாங்குற ஆள். சபா தராது. மண்டபத்துல கட்டி வச்சிருக்கிற ஆர்கனை இறக்கணும்னா இன்னும் பெரிய செலவு.

முடிச்சை அவிழ்த்தவர் ஒரு டாக்டர். 1895ல லண்டன் குவீன்ஸ் ஹால்ல ராபர்ட் நியூமன் கோடை கால மலிவு விலைக் கச்சேரிகள் நடத்தத் திட்டம் போடுறார், கையில காசு இல்லை. (இன்னிக்கும் 'ப்ராம்ஸ்'ங்கிற பேர்ல வருஷா வருஷம் நடக்குதே, அதோட பிறப்பு இதுதான்.) ஜார்ஜ் காத்கார்ட்னு ஒரு தொண்டை வைத்தியர் பணம் தர்றேன்னு வந்தார். ரெண்டு நிபந்தனை. 26 வயசு ஹென்றி உட் நடத்தணும், சுருதியை பிரெஞ்சு அளவுக்கு இறக்கணும். பாடகர்களோட தொண்டையை தினம் எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தவர் ஆச்சே! ஊதுவாத்தியக்காரங்க வாங்க மாட்டாங்கன்னு தெரிஞ்சு, பெல்ஜியத்துலேர்ந்து தாழ்ந்த சுருதி வாத்தியங்களைத் தன் காசுல வரவழைச்சு வாசிக்கக் கொடுத்தார். மாத்துற செலவை ஒருத்தர் ஏத்துக்கிட்டதும் அம்பது வருஷமா முடியாதுன்னு சொன்னது ஒரே சீசன்ல முடிஞ்சது. என்னைக் கேட்டா இந்தக் கதையோட நாயகன் ரோஸினியும் இல்ல, ஹென்றி உட்டும் இல்ல, இந்த டாக்டர்தான்.

அடுத்த வருஷமே, 1896ல, ஃபில்ஹார்மானிக் சொசைட்டியும் இறங்கி வந்தது. ஆனா 435க்கு இல்ல, 439க்கு. பிரெஞ்சு அளவு 15 டிகிரி செல்சியஸுக்குச் சொன்னது, எங்க மண்டபம் 20 டிகிரி, சூட்டுல ஊதுவாத்தியம் ஏறும், அதனால 439ன்னு ஒரு விளக்கம். பட்டாளத்து பேண்டுகள் மட்டும் காசைக் காரணம் காட்டிப் பழைய சுருதியிலேயே 1920களோட கடைசி வரை இருந்தாங்க. பித்தளை பேண்டுகள் 1960கள் வரைக்கும்!

அமெரிக்காவுல இதுக்குள்ள 440 பரவிட்டது. 1939 மே மாசம் லண்டன்ல சர்வதேச மாநாடு கூடினப்ப 440ன்னு முடிவாச்சு. 439 ஏன் இல்லைங்கிறதுக்கு ஒரு அழகான காரணம் உண்டு. பிபிசி தன் ஒலிபரப்புல ட்யூனிங் ஸ்வரத்தை மின்கருவியில உண்டாக்கிச்சு. செகண்டுக்குப் பத்து லட்சம் தடவை அதிர்ற ஒரு படிகம். அதை வகுத்து 1000 ஆக்கி, 11ஆல பெருக்கி, 25ஆல வகுத்தா 440. 439 பகா எண், வகுத்தும் பெருக்கியும் அங்க போய்ச் சேரவே முடியாது!

கோயபல்ஸ்தான் 440ஐத் திணிச்சார், 432தான் இயற்கையோட சுருதின்னு ஒரு கதை வருஷக்கணக்கா சுத்துது. ஷைப்ளர் 440ஐப் பரிந்துரைச்சது 1834ல. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஏத்துக்கிட்டது 1917ல. இதுல கோயபல்ஸ் எங்க வந்தார்? தவிர ஹெர்ட்ஸ்ங்கிறது செகண்ட் கணக்கு. செகண்ட் மனுஷன் வகுத்தது. இயற்கைக்கு 432ம் தெரியாது, 440ம் தெரியாது.

1955லயும் 1975லயும் ஐஎஸ்ஓ தரமா 440 பதிவாச்சு. ஆனா ஏறுற புத்தி போகலை. ஐரோப்பாவுல பல ஆர்கெஸ்ட்ராக்கள் 442, 443ன்னு வாசிக்கிறாங்க. 440லேர்ந்து 442ன்னா காதுக்குத் தெரியுமாங்கிற அளவுதான், ஆனா பியானோவுக்கு அது கிட்டத்தட்ட 180 கிலோ கூடுதல் இழுவை. அதனால விவரமான ட்யூனர் ஆர்கெஸ்ட்ராவுல மாத்த முடியாதது எதுன்னு முதல்ல விசாரிப்பார். மண்டபத்து ஆர்கனா, உலோகப் பட்டை வச்ச க்ளாக்கன்ஷ்பீலா? அது 442ல செஞ்சதுன்னா பியானோவும் 442தான். கச்சேரிக்கு முந்தின நாளே ஒரு சுத்து ஏத்தி வச்சிடுவார், அன்னிக்கு மத்தியானம் இன்னொரு சுத்து. மறுநாள் வர்ற ஜாஸ் குழு 440 கேட்டா திரும்பவும் இறக்கணும். அந்த வேலைக்குத் தனி பில்.

பழைய இங்கிலாந்து கிளாரினெட் எங்கயாவது மலிவா கிடைச்சா வாங்குறதுக்கு முன்னாடி திருப்பிப் பாருங்க. எச்.பி.ன்னு முத்திரை இருந்தா (கம்ப்யூட்டர் கம்பெனி இல்லீங்க, 'ஹை பிட்ச்') அது 452 காலத்துது. பார்க்க அம்சமா இருக்கும், எந்த பியானோவோடயும் சேராது.