கைபிரேக் இறுகல் (பின் டிஸ்க் பிரேக் கார்கள்)

கைபிரேக் லீவரை இறக்கிய பிறகும் பின் சக்கரம் பிடியை விடாமல் நிற்பது கைபிரேக் இறுகல். வொர்க்ஷாப் பேச்சில் கைபிரேக் ஜாம். முழுதாகப் பிடித்துக்கொண்டால் வண்டி நகராது, பழுது உடனே தெரிந்துவிடும். அரைகுறைப் பிடிதான் கெடுதல். வண்டி ஓடும். ஆனால் இழுவை இருக்கும், மைலேஜ் குறையும், சிறிது தூரம் ஓடி நின்றால் ஒரு பின் சக்கரம் மட்டும் கொதிக்கும், கருகல் வாடை வரும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். டாட் 3 தரத்துப் புதிய ஆயில் 205 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்தத் தரம் கேட்கும் குறைந்த அளவு 140 டிகிரிதான். ஆயில் கொதித்து ஆவியானால் கால்பிரேக் மிதி கீழே இறங்கிப் போகும், வண்டி நிற்காது. ஆகவே இதைச் சிறு தொல்லை என்று ஒதுக்குவது தவறு.

மாவட்டச் சூழல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, இங்குள்ளவர்கள் இடவப்பாதி என்பது, ஒரு முறை நனைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இன்னொரு முறை நனைக்கும். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பருவமே முக்கியம். இங்கே காரின் அடிப்பாகம் காய்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு. அதோடு கடல். கன்னியாகுமரியிலிருந்து மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வழியாகக் கேரள எல்லை வரை கரையை ஒட்டியே ஊர்கள். காற்றில் வரும் உப்பு இரும்பின் துருவை விரைவுபடுத்தும். கைபிரேக்கின் இரும்புத் தண்டு, பேடை டிஸ்க்கில் அழுத்தும் அலுமினியக் காலிப்பருக்குள் உட்காரும் இடத்தில் இரு உலோகங்களும் உப்பு ஈரத்தில் சேர்வதால் அரிப்பு இன்னும் கூடும்.

நிலமும் இரண்டு விதம். அகஸ்தீசுவரம், தோவாளைப் பக்கம் வயலும் குளமுமான சமதளம். நாஞ்சில் நாடு என்று பழமையாகச் சொல்லப்படுவது இதுவே. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் மேடும் பள்ளமும், ரப்பர் தோட்டங்களும், சரிவில் கட்டிய வீடுகளும். சரிவு முற்றத்தில் நிறுத்தும் காருக்குக் கைபிரேக்கை நன்றாக இழுத்துவிட்டே ஆகவேண்டும். வீட்டுக்காரர் வளைகுடா வேலைக்குப் போய்விட்டால் இழுத்தது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பேடும் டிஸ்க்கும் ஒட்டித் துருப்பிடிப்பது இப்படித்தான். சமதளத்துக் காருக்கு நேரெதிர்: கியரில் விட்டாலே நிற்பதால் கைபிரேக்கைத் தொடுவதே இல்லை, அசையாத கேபிளும் தண்டும் உள்ளுக்குள் இறுகிவிடும், என்றாவது ஒரு நாள் இழுத்தால் திரும்பி வராது. வைத்தே இருந்தாலும் இறுகும், வைக்காமலே இருந்தாலும் இறுகும். இரண்டுக்கும் பழுதடையும் இடம் வேறு என்பதைப் பழுது பார்ப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரலாறு

காரை நிறுத்தி வைப்பதற்கென்று தனிப் பிரேக் தேவை என்பது காரோடு பிறந்த எண்ணம். 1902-இல் இரண்டு கண்டுபிடிப்புகள் அடுத்தடுத்து வந்தன. பிரான்சில் லூயி ரெனோ உள்ளிருந்து விரியும் டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஃபிரடெரிக் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். லாஞ்செஸ்டரின் பிரேக்கில் செம்புப் பட்டைகள் உலோகத் தகட்டைக் கவ்வின. கிறீச்சென்று சத்தம் போட்டன, விரைவில் தேய்ந்தன. அரை நூற்றாண்டுக் காலம் டிரம்மே ஆண்டது. 1953-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்ற பிறகே டிஸ்க்குக்கு மதிப்பு வந்தது. 1955-இல் சித்ரோயன் டிஎஸ் முன்சக்கர டிஸ்க்குகளோடு வெளிவந்தது.

நிறுத்து பிரேக்கைப் பொறுத்தவரை டிஸ்க் ஒரு பின்னடைவே. டிரம்முக்குள் விரியும் ஷூவைச் சுழற்சியே மேலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சிறு விசை பெரிய பிடியாகும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. கையால் இழுக்கும் விசையைப் பெருக்க வேறு வழி தேட வேண்டியிருந்தது, அந்தத் தேடலில் பிறந்த சிக்கலான உறுப்புகள்தான் இன்று இறுகிக்கொள்கின்றன. டிஸ்க்குக்கு இன்னொரு குறையும் உண்டு. கோதையாற்று மலைப்பாதையில் பிரேக் பிடித்தே இறங்கிச் சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கும்; இழுத்து வைத்த பிடி தளரும். சரிவில் நிறுத்தியவர் சிறிது நேரம் கழித்து லீவரை இன்னும் ஒரு பல் இழுத்துவிடுவது நல்லது.

மலைத்தோட்டங்களில் ஓடிய பழைய ஜீப்புகளில் கைபிரேக் இறுகும் தொல்லை இல்லை. வில்லிஸ் வடிவ ஜீப்பில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேசின் பின்புறம், பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் தனி டிரம்மாக இருந்தது. ஷாஃப்டைப் பிடித்தால் சக்கரம் தானே நிற்கும், டிபரன்ஷியலின் பல்விகிதம் பிடியைப் பெருக்கும். சக்கரத்தின் சேறும் தண்ணீரும் அந்த உயரத்துக்கு எளிதில் எட்டுவதில்லை. எளிமையான, நல்ல ஏற்பாடு. பயணிகள் காரில் அது நிலைக்காமல் போனது வருத்தமே.

இந்தியாவில் பின்சக்கரத்திலும் டிஸ்க் என்பது நெடுங்காலம் விலையுயர்ந்த கார்களின் அடையாளம். 2001-இல் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியாவில் அது இருந்தது. 2011-இல் வந்த மகிந்திரா எக்ஸ்யூவி500, 2019-இல் வந்த எக்ஸ்யூவி300 ஆகியவை நான்கு சக்கரத்திலும் டிஸ்க் என்பதை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டுவந்தன. அதுவரை டிரம் மட்டுமே பார்த்துப் பழகிய ஊர் மெக்கானிக்குகள் காலிப்பருக்குள் ஒளிந்திருக்கும் கைபிரேக்கைச் சந்தித்தது இந்தக் கார்களின் வழியாக.

வகைகள்

முதல் வகையில் டிஸ்க்கின் நடுக்குழிவே சிறு டிரம்மாக வேலை செய்கிறது. கால்பிரேக்குக்கு வெளியே டிஸ்க்கும் பேடும். கைபிரேக்குக்கு உள்ளே இரண்டு சிறு ஷூக்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடாத தனித்தனி அமைப்புகள். வண்டி நின்ற பிறகே இந்த ஷூ வேலை செய்வதால் தேய்வது மிகக் குறைவு. ஆனால் தேயாத இடத்தில் துரு உட்காரும். ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்வதும், உராய்வுப் பட்டை ஷூவிலிருந்து உரிந்து உள்ளே சிக்கிக்கொள்வதும் இதன் நோய்கள். ஆயினும் இருக்கும் வகைகளில் பிடி உறுதியானது, பழுது பார்க்க எளிதானது இதுவே.

இரண்டாவது வகையில் கால்பிரேக், கைபிரேக் இரண்டுக்கும் ஒரே காலிப்பர், ஒரே பிஸ்டன். காலிப்பரின் முதுகில் ஒரு சிறு லீவர். கேபிள் அதை இழுத்தால் உள்ளே செல்லும் தண்டு திரும்பும். சரிந்த பள்ளங்களில் உருளும் குண்டுகளோ மரைத்தண்டோ அந்தத் திருப்பத்தைத் தள்ளுவிசையாக மாற்றிப் பிஸ்டனை முன்னே நகர்த்தும். பேட் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் தானியங்கி அமைப்பும் உள்ளேயே உண்டு. கேபிள் தளர்ந்ததும் ஸ்பிரிங் லீவரைப் பின்னிழுத்து, வார்ப்பில் உள்ள தடுப்பில் முட்ட வைக்கும். தண்டு வெளியே வரும் இடத்து ரப்பர் உறை கிழிந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கும், தண்டு துருப்பிடிக்கும், ஸ்பிரிங்கின் வலு போதாமல் லீவர் பாதிவழியில் நின்றுவிடும். பின் டிஸ்க் கார்களில் பரவலாக உள்ள அமைப்பு இது. கடற்கரை ஊர்க் கார்களில் காணும் கைபிரேக் இறுகலில் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடமும் அதுவே.

மூன்றாவது, கால்பிரேக் காலிப்பருக்குப் பக்கத்திலேயே கைபிரேக்குக்கென்று கேபிளால் இயங்கும் தனிச் சிறு காலிப்பர். அதிவேகக் கார்களில் காணலாம். மாவட்டத்துச் சாலைகளில் அரிது.

பழுதைக் கண்டறிதல்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் விட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே கைபிரேக்கை விடவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை நீட்டக் கூடாது. பின்சக்கரத்தால் ஓடும் வண்டியானால் கியரை நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசான உரசல் சத்தம் இயல்பு. சுற்ற மறுப்பதே பழுது.

காலிப்பர் லீவர் உள்ள வண்டியில் சோதனை ஒன்றே ஒன்று. கேபிள் நுனியை அந்த லீவரிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றியதும் லீவர் டக்கென்று தடுப்பில் போய் முட்டினால் காலிப்பர் நல்ல நிலையில் உள்ளது, குற்றம் கேபிளுடையது. கழற்றிய பிறகும் லீவர் அசையாமல் நின்றால் குற்றம் காலிப்பருடையது. சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் இரண்டு காலிப்பரையும் மாற்றச் சொல்வது வீண் செலவு.

லீவர் சரியாகத் திரும்பியும் சக்கரம் பிடித்திருந்தால் காலிப்பர் வழுக்கும் பின்கள், பேட் உட்காரும் பிராக்கெட், பிஸ்டன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உள்பக்கப் பேட் மிகுதியாகவும் வெளிப்பக்கப் பேட் குறைவாகவும் தேய்ந்திருந்தால் பின்கள் வறண்டு இறுகிவிட்டன என்று பொருள். பிளீடர் நிப்பிளைச் சிறிது தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் இது கைபிரேக் பழுதே அல்ல. பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்ப விடவில்லை.

பழுது நீக்கம்

கேபிளின் வெளியுறை கிழிந்து உள்கம்பி துருப்பிடித்திருந்தால் மாற்றுவதே முறை. தேங்காய் எண்ணெய், பழைய எஞ்சின் ஆயில் எதையும் ஊற்றக் கூடாது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழலில் அழுக்கைச் சேர்த்து, சில வாரத்தில் முன்னைவிட மோசமாக இறுக்கும். ஒரு பக்கக் கேபிள் போனால் மறுபக்கமும் அதே வயதுதான் என்பதால் சேர்த்து மாற்றுவது நல்லது.

காலிப்பர் தண்டு இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து லீவரை முன்னும் பின்னும் அசைத்தால் இளகும். அது தற்காலிக விடுதலை. துருவை நீக்கி, சீலும் ரப்பர் உறையும் புதிதாகப் போட்டால்தான் அடுத்த மழையைத் தாங்கும். தண்டில் குழி விழுந்திருந்தால் காலிப்பரையே மாற்ற வேண்டும். பின்களுக்குச் சிலிகான் பிரேக் கிரீஸ் மட்டும். சாதாரண பேரிங் கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். பிராக்கெட்டின் துருவை உப்புத்தாளாலும் கம்பிப் பிரஷாலும் சுரண்டி, பேட் கைவிரலால் நகரும்படி செய்ய வேண்டும். தூசியை வாயால் ஊதக் கூடாது, மாஸ்க் அணிய வேண்டும்.

புதுப் பேட் போடும்போது பிஸ்டனைச் சி-கிளாம்ப் வைத்து நேராக அழுத்துவது பெரும் பிழை. முன்சக்கரத்தில் அது சரி. கைபிரேக் லீவர் உள்ள பின் காலிப்பரில் பிஸ்டனைத் திருகியே உள்ளே அனுப்ப வேண்டும், அதற்கெனக் கருவி உண்டு. நேராக அழுத்தினால் உள்ளே இருக்கும் தானியங்கிச் சரிசெய்யும் அமைப்பு நொறுங்கும்.

கடைசி வேலை கேபிள் சரிசெய்தல். இங்கேதான் நல்ல மெக்கானிக்குகளும் தவறுகிறார்கள். லீவர் உயரமாக வருகிறதே என்று காருக்குள் இருக்கும் நட்டை இறுக்கினால், காலிப்பர் லீவர் தடுப்பில் உட்காராது. தானியங்கி அமைப்பு வேலை செய்யாது. பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்தபடி இருக்கும். முதலில் கேபிளை முழுதாகத் தளர்த்தி, கால்பிரேக்கைப் பலமுறை மிதித்து, பேடை டிஸ்க்கருகே கொண்டுவந்து, அதன் பிறகு இரு லீவரும் தடுப்பை விட்டு நகராத அளவுக்கே கேபிளை இறுக்க வேண்டும். உள் டிரம் வகையில் டிஸ்க்கின் துளை வழியாகப் பற்சக்கரத்தைத் திருப்பி முதலில் ஷூவைச் சரிசெய்வார்கள். டிஸ்க் கழலாவிட்டால் அதிலுள்ள மரைத்துளையில் போல்ட்டை இறுக்கித் தள்ளலாம்.

தொல்லை தாங்காமல் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுவது சட்டத்துக்கும் புறம்பு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96-ஆவது விதி காருக்குக் கால்பிரேக்கும் நிறுத்து பிரேக்கும் தனித்தனியே வேண்டும் என்கிறது.

மாதக்கணக்கில் நிறுத்திச் செல்வோர் கைபிரேக்கை இழுக்காமல், சமதளத்தில் கியரில் விட்டுக் கட்டை வைக்க வேண்டும். சொத்தவிளை, முட்டம் போன்ற கடற்கரைகளுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி, சிறிது தூரம் ஓட்டி, பிரேக் பிடித்து உலர்த்திய பிறகே நிறுத்த வேண்டும். சமதளத்து ஊர்க்காரர்கள் வாரம் சில முறையாவது கைபிரேக்கை இழுத்து விடுவது நல்லது.

தற்போதைய நிலை

2001-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்த மின் கைபிரேக் இன்று இந்தியாவின் நடுத்தர எஸ்யூவிகளிலும் பரவியுள்ளது. லீவருக்குப் பதில் சுவிட்ச், பெரும்பாலும் கேபிளுக்குப் பதில் காலிப்பரில் மோட்டார். பேட் மாற்றும் முன் அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பெரும்பாலும் ஸ்கேனர் தேவை.