பட்டியலில் இல்லாத பயணிகள்: 1942 முதல் 1966 வரை நம் கடல்வழிகளில் நடந்த விபத்துகள்

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை பகுதிகளில் இன்று வசிக்கும் முஸ்லிம் குடும்பங்களில் பல, இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி போன்ற ஊர்களிலிருந்து வந்தவை. அந்தத் தலைமுறையின் வாழ்க்கை கடலோடு பிணைந்திருந்தது. பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு, பிறகு துபாய், குவைத் என்று பிழைப்புக்காகக் கப்பல் ஏறியவர்கள் இல்லாத குடும்பம் அரிது. எழும்பூரில் புறப்பட்டு தாம்பரம் வழியாக தனுஷ்கோடி சென்ற ‘போட் மெயில்’ ரயிலும் அப்படியொரு பயணத்தின் பாதிதான். மீதிப் பாதியைக் கப்பல் கடந்தது.

இந்தப் பயணங்களில் எல்லோரும் கரை சேரவில்லை. 1940கள் முதல் 1960கள் வரை நம் மக்கள் போய்வந்த கடல்வழிகளில் நடந்த முக்கியமான விபத்துகளை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது. காணாமல் போனவரின் மனைவி, வாரிசுகள் குறித்து மார்க்கமும் நாட்டின் சட்டமும் சொல்வதையும் சேர்த்துப் பார்ப்போம்.

டெக் பயணம் என்றால் என்ன?

அன்று பெரும்பாலான நம்மவர்கள் கேபினில் பயணம் செய்யவில்லை. கப்பலின் மேல்தளத்திலோ அதற்குக் கீழுள்ள தளத்திலோ பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும் ‘டெக்’ பயணிகளாகவே சென்றார்கள். 1926ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலைப் பெரியவர்கள் இன்றும் நினைவு வைத்திருப்பார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம், ஆயிரக்கணக்கான டெக் பயணிகளைச் சுமந்த கப்பல் அது.

ஹஜ் பயணிகளையும் டெக் பயணிகளையும் ஏற்றும் கப்பல்களுக்கென்று 1931ல் ‘சிம்லா விதிகள்’ என்ற பெயரில் தனி ஏற்பாடு இருந்தது. 1958ஆம் ஆண்டின் இந்திய வணிகக் கப்பல் சட்டத்திலும் இவர்களுக்குத் தனிப் பிரிவுகள் இருந்தன. இடவசதியும் உயிர்காப்புச் சாதனமும் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கு காகிதத்தில் இருந்தது. நடைமுறையில் ஒரு பெரிய குறை நீடித்தது. கப்பல் புறப்படும் நேரத்தில் அதில் உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் யார் யார் என்பது பல நேரங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கீழே வரும் நிகழ்வுகளில் இந்தக் குறை திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம்.

திலாவா, 1942

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் ‘திலாவா’ 1942 நவம்பர் 20 அன்று பம்பாயிலிருந்து கிழக்கு, தென் ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குப் புறப்பட்டது. கப்பலில் 958 பேர் இருந்தார்கள். பெரும்பாலானோர் ஆப்பிரிக்காவில் தொழில் செய்த இந்தியக் குடும்பத்தினர். நவம்பர் 23 அதிகாலையில் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கிக் கப்பல் அதன் மீது டார்பிடோ வீசியது.

முதல் தாக்குதலில் கப்பல் உடனே மூழ்கவில்லை. படகுகளில் இறங்கியவர்களில் சிலர், கப்பல் மிதக்கிறதே என்று திரும்பி ஏறினார்கள். அதன் பிறகு இரண்டாவது டார்பிடோ தாக்கியது. 280 பேர் மாண்டார்கள். பர்மிங்ஹாம் என்ற போர்க்கப்பல் 674 பேரையும், கார்த்தேஜ் என்ற கப்பல் 4 பேரையும் மீட்டன. மீட்கப்பட்டவர்கள் நவம்பர் 27 அன்று பம்பாய்க்குத் திரும்பினார்கள்.

இக்கப்பலில் தென் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட 2,364 வெள்ளிக் கட்டிகள் இருந்தன. 2017ல் அவை கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன. அவை யாருக்கு உரியவை என்ற வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்று 2024ல் முடிந்தது. வெள்ளியின் கட்டிக் கணக்கு எழுபத்தைந்து ஆண்டு கழித்தும் கைவசம் இருந்தது. மனிதர்களின் கணக்கு எல்லா விபத்துகளிலும் அப்படி இருக்கவில்லை.

1947: ஒரே ஆண்டில் இரண்டு துயரங்கள்

போர் முடிந்தும் கடல் அமைதியாகவில்லை. போர்க்காலத்தில் போடப்பட்ட கண்ணிவெடிகள் நீரில் கிடந்தன. 1947 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பர்மாவின் தென்கரை ஊர்களை நோக்கிச் சென்ற ‘சர் ஹார்வி ஆடம்சன்’ என்ற சிறிய கப்பல் 269 பேருடன் காணாமல் போனது. மோசமான வானிலையா, கண்ணிவெடியா என்பது ஊகமாகவே நின்றுவிட்டது.

அதே ஆண்டு ஜூலை 17 அன்று, சுதந்திரத்துக்கு நான்கு வாரமே இருந்த நிலையில், பம்பாயிலிருந்து ரேவாஸ் சென்ற ‘ராம்தாஸ்’ என்ற பயணிகள் கப்பல் மழைக்காலக் கொந்தளிப்பில் கவிழ்ந்தது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பம்பாய்த் துறைமுகத்துக்கு மிக அருகிலேயே இது நடந்தது. பண்டிகைக்காக ஊர் திரும்பியவர்கள் நிறைய பேர். கரையோரக் குறுகிய பயணம்தானே என்ற அலட்சியம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இன்றுவரை இதுவே எடுத்துக்காட்டு.

தாரா, 1961

வளைகுடாப் பயணத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது இந்த விபத்து. 1948ல் கட்டப்பட்ட ‘தாரா’, பம்பாய்க்கும் வளைகுடாத் துறைமுகங்களுக்கும் இடையே தபாலையும் பயணிகளையும் கொண்டு சென்ற கப்பல். 1961 ஏப்ரல் 7 அன்று துபாய்க்கு வெளியே நங்கூரமிட்டு, பயணிகளும் சரக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது கடும் புயல் காற்று கிளம்பியது. கரைக்கு அருகில் நிற்பது ஆபத்து என்று கருதிய கேப்டன் எல்சன், புயலைத் தாக்குப்பிடிக்கக் கப்பலை ஆழ்கடலுக்குக் கொண்டு சென்றார். கடலோடிகள் வழக்கமாகச் செய்வதுதான் இது.

ஆனால் அப்போது கப்பலில் பயணிகள் மட்டும் இருக்கவில்லை. உறவினரை வழியனுப்ப வந்தவர்கள், பொருள் விற்க ஏறிய வியாபாரிகள், சரக்கு இறக்கும் தொழிலாளர்கள் எனப் பலர் கரைக்குத் திரும்ப முடியாமல் கப்பலோடு சென்றார்கள். மறுநாள், ஏப்ரல் 8 அதிகாலை ஏறத்தாழ 4.40 மணிக்கு, தளங்களுக்கிடையே குண்டு வெடித்தது. தீ வேகமாகப் பரவியது. இருட்டிலும் கொந்தளிப்பிலும் படகுகளை இறக்குவது பெரும்பாடாயிற்று. 819 பேரில் 238 பேர் இறந்தார்கள். இழுத்துச் செல்லப்பட்ட கப்பல் ஏப்ரல் 10 அன்று மூழ்கியது.

டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடியை யாரோ திட்டமிட்டு வைத்திருக்கிறார்கள் என்று விசாரணை முடிவு செய்தது. ஓமனில் அன்று நடந்த கிளர்ச்சியோடு தொடர்புடையவர்கள் மீது சந்தேகம் எழுந்தது. எவருடைய அரசியலோடும் சம்பந்தமில்லாத, கூலி வேலைக்குப் போன ஏழைகளே அதிகம் மாண்டார்கள். வழியனுப்ப வந்து மாண்டவரின் பெயர் எந்தப் பயணச்சீட்டிலும் இருந்திருக்காது என்பதை நினைத்துப் பாருங்கள்.

தனுஷ்கோடி, 1964

தமிழகத்தின் மிகப் பெரிய கடற்கரைத் துயரம் இது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடிப் பாலத்துறையில் இறங்கி, சிறிய நீராவிக் கப்பலில் ஏறி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தலைமன்னாரை அடைவார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த நம்மவர்கள் அடிக்கடி சென்றுவந்த பாதை.

1964 டிசம்பர் 22 இரவு புயல் தாக்கியது. 7 மீட்டர் வரை எழுந்த கடல் தனுஷ்கோடி ஊரையே மூடியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பயணிகள் ரயில், நிலையத்தை நெருங்கும் நேரத்தில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. பணியாளர்களோடு சேர்த்து 115 பேர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும் என்ற பேச்சு அன்றே இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலுமாக ஏறத்தாழ 1,800 பேர் இறந்ததாகக் கூறப்படுகிறது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடி மட்டும் மீளவில்லை. பின்னர் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது.

மெரினாவில் ஒரு கப்பல், 1966

1966 நவம்பர் தொடக்கத்தில் சென்னையைத் தாக்கிய புயலில் ‘ஸ்டமாடிஸ்’ என்ற சரக்குக் கப்பல் மெரினா கடற்கரையில் தரைதட்டியது. அதைப் பார்க்க அன்று கூட்டம் கூட்டமாக மக்கள் போனார்கள். கப்பலின் சிதைவு நெடுங்காலம் கடலடியில் கிடந்து, அங்கே குளிக்க இறங்கியவர்களுக்கு ஆபத்தாகவும் இருந்தது. மெரினாவிலும் கோவளத்திலும் பிள்ளைகளைக் கடலில் இறக்கும் பெற்றோர், கண்ணுக்குத் தெரியாத ஆபத்து நீருக்கடியில் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

கப்பல் பயணக் காலத்தின் முடிவையும் ஒரு விபத்தோடு சேர்த்தே பலரும் நினைவுகூர்கிறார்கள். ரஜூலாவுக்குப் பின் சென்னை - சிங்கப்பூர் வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதற்குள் விமானம் பழகிவிட்டது.

காணாமல் போனவர்: மார்க்கம் சொல்வது

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதின் நன்மையைப் பெறுகிறார் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் அறிவோம். உடல் கிடைக்காத குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். உடல் இல்லாத நிலையில் காயிப் ஜனாஸா தொழுவதை ஷாஃபிஈ மத்ஹபு அனுமதிக்கிறது. ஹனஃபி மத்ஹபில் அது இல்லை. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் அதிகம், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் அதிகம். ஒரே குடும்பத்தில் இரு வழக்கமும் இருந்தால் சச்சரவு செய்ய வேண்டியதில்லை.

உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவரை ஃபிக்ஹு நூல்கள் ‘மஃப்கூத்’ என்கின்றன. அவருடைய மரணம் முடிவாகும் வரை அவர் சொத்தைப் பங்கிடக் கூடாது. அவருக்கு வர வேண்டிய வாரிசுப் பங்கு இருந்தால் அதையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபின் பழைய நிலைப்பாடு, அவர் வயதை ஒத்தவர்கள் மறையும் வரை காத்திருப்பது. கப்பல் உடைந்தது போல மரணமே மிகவும் சாத்தியமான சூழலில் நான்கு ஆண்டுகள் என்கிறது ஹன்பலி மத்ஹபு. மனைவியின் விஷயத்தில் மாலிக்கி மத்ஹபும் நான்கு ஆண்டுகள் என்று சொல்கிறது.

வாழ்நாள் முழுவதும் காத்திருப்பது பெண்களுக்குப் பெரும் துன்பமாக இருந்ததால் இந்திய உலமாக்கள் மாலிக்கி தீர்ப்பை எடுத்துக்கொள்ள வழி சொன்னார்கள். அதன் விளைவாக வந்ததுதான் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம்.

சட்டம் சொல்வது

கணவனைப் பற்றி நான்கு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால் மனைவி நீதிமன்றத்தில் திருமண ரத்து கோரலாம். தீர்ப்பு கிடைத்து ஆறு மாதம் கழித்தே அது நடைமுறைக்கு வரும். அதற்குள் கணவன் திரும்பி வந்து, இல்லறக் கடமைகளை நிறைவேற்றத் தயார் என்று நீதிமன்றத்தை ஏற்கச் செய்தால் தீர்ப்பு ரத்தாகும்.

சொத்து விஷயத்தில், ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி, இயல்பாகக் கேள்விப்பட வேண்டியவர்கள் கேள்விப்படவில்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தில் 111ஆம் பிரிவாக உள்ளது. அவர் எந்தத் தேதியில் இறந்தார் என்பதை இந்தப் பிரிவு ஊகிப்பதில்லை. வாரிசுகள் யார் என்பது மரணத் தேதியைப் பொறுத்தது என்பதால் இங்கேதான் வழக்குகள் சிக்குகின்றன. எந்தக் கப்பல், எந்தத் தேதி, கடைசிக் கடிதம் எப்போது வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இன்று சர்வதேசப் பயணிகள் கப்பல் புறப்படும் முன் அதில் உள்ள எல்லோரையும் எண்ண வேண்டும் என்பது சர்வதேச விதி. மேலே சொன்னவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. எனவே வீட்டில்தான் அந்தப் பட்டியலை எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் வாப்பும்மா, உம்மும்மா, பெரியவாப்பா உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள். கடல் கடந்து போனவர்களின் முழுப் பெயர், தகப்பனார் பெயர், போன ஆண்டு, கப்பல், ஏறிய துறைமுகம், கடைசித் தகவல் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட், கடித உறை, மணியார்டர் ரசீது எதையும் எறியாதீர்கள். பழைய நாளிதழ்களையும் ஆவணங்களையும் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் சென்றால் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

இன்று வெளிநாடு செல்லும் பிள்ளைகளும் பாஸ்போர்ட், விசா நகலையும், வேலை பார்க்கும் இடத்தின் முகவரியையும் வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்லட்டும். கடன், அமானிதம், வஸிய்யத் இருந்தால் எழுதி வைக்கட்டும். பயணம் போகிறவர் எழுதி வைப்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கும்கூட.

கடலில் மறைந்த அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்து, அவர்களுக்காகக் காத்திருந்தே மறைந்த மனைவியருக்கும் தாய்மாருக்கும் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.