மொட்டை வண்டியும் கூண்டு வண்டியும்: ஒரு ஜீப் கூரையின் வரலாறு



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். திண்டுக்கல்லில் சொந்தத் தொழில், சிறுமலையில் கொஞ்சம் நிலம், வீட்டில் வயதான அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். "சார், மஹிந்திரா தார் ரெண்டு வண்டி கைமாத்து விலைக்கு வருது. ஒண்ணு துணிக் கூரை, இன்னொண்ணு ஹார்டு டாப். எதை எடுக்கலாம்?" என்றார்.

வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். "நீங்கன்னா கதையோட சொல்லுவீங்க சார்" என்றார். போனில் பாதிதான் சொன்னேன். முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி ஒன்றும் புதிதில்லை. நம் தாத்தாமார் காலத்திலேயே மொட்டை வண்டியும் இருந்தது, கூண்டு வண்டியும் இருந்தது. எருவும் நெல் மூட்டையும் ஏற்ற மொட்டை வண்டி. பெண்டு பிள்ளைகளைக் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அழைத்துப் போக, மூங்கிலை வளைத்துப் பாய் போட்ட கூண்டு வண்டி. ஒரே வண்டி வைத்திருந்த வீட்டில் தேவைக்குக் கூண்டைக் கட்டுவார்கள், வேலை முடிந்ததும் கழற்றி வைப்பார்கள். வண்டியில் ஏறுவது யார் என்பதுதான் கூரையைத் தீர்மானித்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஜீப் பிறந்தது போருக்காக. 1940இல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய நான்கு சக்கர இழுவை வண்டி கேட்டது. எடை 1,300 பவுண்டுக்குள், அதாவது சுமார் 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்றது. யாராலும் முடியவில்லை. பிறகு வரம்பைத் தளர்த்தினார்கள். கடைசியில் வந்த வில்லிஸ் ஜீப் சுமார் 1,100 கிலோ. எடையில் இவ்வளவு இழுபறி இருந்த இடத்தில் இரும்புக் கூரைக்கு ஏது வழி? கித்தான் துணியும் அதைத் தாங்க வளைந்த கம்பிகளும்தான் கிடைத்தன.

இன்னொரு காரணமும் உண்டு. கூரை போட்டால் அந்த ஜீப்பின் உயரம் 1.83 மீட்டர். கூரையை இறக்கி, முன் கண்ணாடியையும் மடக்கிவிட்டால் 1.32 மீட்டர்தான். புதருக்குப் பின்னால் மறையலாம், கப்பலில் அடுக்கலாம், ஆபத்து என்றால் சட்டென்று குதித்து இறங்கலாம். ஆக, துணிக் கூரை காற்று வாங்குவதற்காக வந்ததல்ல. இளவயதுச் சிப்பாய்கள் ஏறி இறங்குகிற வண்டிக்குப் போர்க்களம் வகுத்த கணக்கு அது.

போர் முடிந்ததும் அதே வில்லிஸ் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? 1946இல் குடும்பங்களுக்கென்று ஸ்டேஷன் வேகன் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குப் போட்டது எஃகுக் கூரை. சிப்பாய்க்குத் துணி, குடும்பத்துக்கு எஃகு. நம் மொட்டை வண்டி, கூண்டு வண்டிக் கதைதான்.

இந்தியாவுக்கு வருவோம். 1945இல் லூதியானாவில் 'மஹிந்திரா அண்ட் முகமது' என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. பங்குதாரர் குலாம் முகமது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட்டார். 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பொருத்தி விற்றது இந்த நிறுவனம்தான். 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, கிராமத்துக்கு அரசாங்கம் வருகிறது என்றால் பி.டி.ஓ. ஜீப் வருகிறது என்று அர்த்தம். தேர்தல் வந்தால் அதே மாதிரி ஜீப்பின் படுதாவைக் கழற்றிவிடுவார்கள், அதுவே நடமாடும் மேடை. நின்றுகொண்டு கும்பிடும் வேட்பாளருக்குத் திறந்த வண்டிதான் வசதி.

ஆனால் பின்னால் உட்கார்ந்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன்.

1989 நவம்பர், நாடாளுமன்றத் தேர்தல். சிறுமலையில் எனக்குத் தேர்தல் பணி. வாக்குப்பெட்டிகளை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, எதிரெதிர்ப் பலகையில் ஆறு பேர். அடிவாரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பக்கப் படுதாவில் பாதிக்குப் பொத்தான் இல்லை. என்னோடு வந்த மூத்த ஆசிரியை ஒருவர், சேலைத் தலைப்பால் வாக்காளர் பட்டியலை மூடிக்கொண்டார். தன் தலையை மூடிக்கொள்ளவில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்தபோது நான் படுதாவை எட்டிப் பிடித்தேன். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே சத்தம் போட்டார்: "சார், துணியைப் பிடிக்காதீங்க, கம்பியைப் பிடிங்க! துணி யாரையும் தாங்காது."

ஒன்றும் ஆகவில்லை, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம். ஆனால் அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. இன்றும் மலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஜீப்பின் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் அதுதான் ஞாபகம் வருகிறது. துணியா இரும்பா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். 2010இல் வந்த முதல் தார் துணிக் கூரையோடு வந்தது. ஹார்டு டாப் வேண்டியவர்கள் வெளியே செய்து மாட்டிக்கொண்டார்கள். 2020இல் வந்த புதிய தாரில்தான் கம்பெனியே இரண்டையும் கொடுத்தது.

துணிக் கூரையின் சுகத்தை நான் மறுக்கவில்லை. மார்கழிக் காலையில் கூரையை மடக்கிவிட்டு மலை ஏறினால், மரத்து வாசனை மூக்கில் ஏறும். ஆனால் நம் சமவெளியில் வருடத்தில் பாதி நாள் வெயிலும் புழுதியும்தான். பிளாஸ்டிக் ஜன்னல் வெயிலில் மங்கும், ஜிப்பில் மண் ஏறும், ஏ.சி. குளிர்ச்சி நிற்காது, சத்தம் காதை அடைக்கும். பிளேடு ஒன்று இருந்தால் யாரும் கிழித்து உள்ளே கைவிடலாம். பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரன் பூட்ட முடியாத வண்டியை வாங்கலாமா?

இப்போது துணியை எடுத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். பதிவுச் சான்றுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. எதைச் செய்வதானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஹார்டு டாப் இருக்கிறதே என்று மெத்தனமும் கூடாது. வண்டி உருண்டால் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் குழாய்ச் சட்டமும் சீட் பெல்ட்டும்தான். அன்று டிரைவர் சொன்ன 'கம்பி' அதுதான்.

தனி ஆளாக வார இறுதியில் மட்டும் ஓட்டுவதானால், துணியை எடுத்துக்கொள் என்று சொல்லியிருப்பேன். பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் உட்காரப் போகிறார்கள், அதனால் ஹார்டு டாப் என்றேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: "அந்தத் தாருக்கு ரெண்டே கதவு. முன் சீட்டை மடக்கித்தான் பின்னால ஏறணும். பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ஒருதரம் ஏத்தி இறக்கிப் பாரு. அவங்களால முடியலைன்னா ரெண்டு வண்டியும் வேண்டாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இதை நான் யோசிக்கவே இல்லை சார்" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வண்டி பார்க்கப் போகிறாராம்.

உங்களில் எத்தனை பேர் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து மலை ஏறியிருக்கிறீர்கள்? கீழே எழுதுங்கள். முன் சீட்டுக்காரர்களின் கதைகளை நிறையக் கேட்டாகிவிட்டது.

எல்லோரும் நலமாக இருங்கள்.