தராசு சொல்லாத கணக்கு

1919-ல் அமெரிக்காவில் ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இருவர் ஒரு சூத்திரம் போட்டார்கள். உயரம், எடை, வயது சொன்னால், சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எத்தனை கலோரி எரிக்கும் என்று சொல்லிவிடும். அதற்காக அளக்கப்பட்ட 136 ஆண்களும் 103 பெண்களும் ஆரோக்கியமானவர்கள். முதுகுத்தண்டு அடிபட்டவரை யார் சேர்ப்பார்கள்? அப்போதெல்லாம் அவர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சீக்கிரமே போய்விடுவார்கள். பண்டைய எகிப்திய மருத்துவ ஏடு ஒன்று, வைத்தியம் பார்க்க வேண்டாம் என்றே ஒதுக்கிய கேஸ் இது.

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லுக்கு லுட்விக் குட்மன் வந்தார். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தே பலரைக் காப்பாற்றினார். நம் வேலூரில், 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையமும் வந்தது. (அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

ஆட்கள் பிழைத்து, வயதாகி, சர்க்கரையும் இதயநோயும் வந்த பிறகுதான் அடுத்த கேள்வி எழுந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் படைவீரர் மருத்துவமனையில் ஸ்பங்கன், பௌமன் குழுவினர் ஒரே கரு இரட்டையர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஒருவர் அடிபட்டவர், மற்றவர் நடப்பவர். எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். பரம்பரை மீது பழி போட வழியே இல்லை பாருங்கள். 2000-ல் முடிவு வந்தது: அடிபட்டவரின் கால்களில் தசை கரைந்திருந்தது, உடம்பில் கொழுப்பு ஏறியிருந்தது. தசை குறைந்தால் ஓய்வில் எரிவதும் குறையும். எவ்வளவு? 14 முதல் 27 சதவீதம் என்றது 2004-ல் வந்த ஒரு தொகுப்புக் கட்டுரை. மற்றவர் 1500 கலோரி எரித்தால், இவருக்கு 1100-க்கும் 1300-க்கும் நடுவே.

எங்கள் காலனியில் ஓர் அம்மா, பைக் விபத்துக்குப் பின் படுத்துவிட்ட மகனுக்கு "உடம்பு தேறணும்" என்று நெய்யாக ஊட்டுவார். எடை ஏறவில்லை என்று இன்னும் கொஞ்சம் ஊட்டுவார். தசை போன இடத்தில் கொழுப்பு வந்தால் தராசு முள் எப்படி அசையும்? உடல் பருமன் என்று சொல்ல வழக்கமான பி.எம்.ஐ. எல்லை 30. இவர்களுக்கு 22 என்றே வைக்கலாம் என்றது 2009-ல் வந்த கனடா ஆய்வு.

அதற்காகப் பட்டினி போடச் சொல்லவில்லை. புண் ஆறப் புரதம் வேண்டும். பருப்பும் முட்டையும் மீனும் தாராளமாக இருக்கட்டும். மூச்சை அளந்து கலோரி சொல்லும் கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. அது இல்லாத ஊரில், படுத்த நிலையிலேயே இடுப்பைச் சுற்றி இஞ்ச் டேப் வைத்து, மாதாமாதம் குறித்து டாக்டரிடம் காட்டலாம்.