செஞ்சிக் கரி சொல்லும் காலம்

செஞ்சிக் கோட்டையை நீங்கள் பார்த்திருக்கலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில்கள் இணைக்கின்றன. 1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். 1698இல் மொகலாயர் வசமாயிற்று. 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761இல் ஆங்கிலேயரிடமும் சென்றது. அங்கே எரிந்துபோன உத்தரம் ஒன்றின் கரி கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அது யார் காலத்தது என ரேடியோ கார்பன் முறை கூறுமா?

1949இல் அமெரிக்க விஞ்ஞானி லிப்பி இம்முறையைச் செய்துகாட்டினார். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14ஐ ஏற்கிறது. மரம் இறந்தபின் அது சிதைந்து, சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியதை அளந்தால் வயது தெரியும்.

ஆனால் அணுச்சிதைவு தற்செயலாக நிகழ்வது. எனவே விடை, 1950லிருந்து பின்னோக்கி ‘200 ± 40 ஆண்டு’ என்பதுபோலவே வரும். உண்மை அளவு 160க்கும் 240க்கும் இடையில் இருக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு என்பது இதன் பொருள். ஒரே கரியை நான்கு முறை அளந்து சராசரி கண்டால் இப்பிழை பாதியாகும். பிழை குறைந்த அளவீட்டுக்குக் கணக்கில் அதிக மதிப்புத் தருவர். ஒன்றுமட்டும் விலகி நின்றால், நமக்குப் பிடிக்கவில்லை என்று அதைத் தள்ளலாகாது. அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா எனச் சோதிக்கும் முறையை 1978இல் வார்டும் வில்சனும் வகுத்தனர். விலகலுக்குக் காரணமும் தேட வேண்டும். முதிய மரத்தின் நடு வைரம், மரம் வெட்டப்பட்ட ஆண்டைவிட மிக மூத்ததல்லவா!

எத்தனை முறை அளந்தாலும் குறையாத பிழையும் உண்டு. காற்றில் கார்பன்-14 எக்காலத்தும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பதை 1958இல் டச்சு விஞ்ஞானி டி விரீஸ் காட்டினார். 1645 முதல் 1715 வரை சூரியப் புள்ளிகள் மிக அரிதாக இருந்தன. சூரியனின் காந்தத் தடுப்புத் தளர்ந்தது. காஸ்மிக் கதிர்கள் மிகுதியாக வந்து கார்பன்-14ஐப் பெருக்கின. மொகலாயர் செஞ்சியை முற்றுகையிட்டதும் அக்காலத்தில்தான்! மரவளையங்களைக் கொண்டு திருத்திப் பார்த்தால், நம் ‘200 ± 40’க்கு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 18ஆம் நூற்றாண்டு, ஏன், 20ஆம் நூற்றாண்டும்கூடப் பொருந்தும். மராட்டியரா, பிரெஞ்சுக்காரரா என்பதைக் கரி மட்டும் தீர்மானிக்காது; ஆவணங்களின் துணை வேண்டும்.

கீழடிக்கும் இப்பாடம் பொருந்தும். அங்கே 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 580 என 2019இல் அறிவிக்கப்பட்டது. கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் திருத்தக் கோடு ஏறக்குறையச் சமதளம். அக்காலக் கரிகள் பலவும் கிட்டத்தட்ட ஒரே அளவையே காட்டும். இதனால் கீழடியின் தொன்மை பொய்யாகிவிடாது. பல கரிகளை, மண்ணடுக்குகளின் வரிசையோடு சேர்த்துக் கணக்கிட்டால் காலம் உறுதிப்படும். தொன்மை பற்றிய செய்தியை அடுத்த முறை படிக்கும்போது, ± குறிக்குப் பின்னுள்ள எண்ணையும் தேடிப் பாருங்கள்.