ஒரு லட்சம் லிட்டர் கூடம்: பாங்காக்கில் ஜெர்மன் பாணி பியர் வேரூன்றிய வரலாறு

பாங்காக்கின் ராமா 3 சாலையில் 1999ஆம் ஆண்டு ‘தவன்டேங் ஜெர்மன் புரூவரி’ திறக்கப்பட்டது. படுக்க வைத்த பீப்பாய் போன்ற கட்டடம்; ஆயிரம் பேருக்கு மேல் அமரும் இடம்; எல்லா மேசைகளும் பார்த்திருக்கும் பெரிய மேடை. அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் பியர் மூன்று வகை: வெளிர் லாகர், கோதுமை பியரான வைட்சன், கருநிற டுங்கல். பவேரியாவில் எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்கும் மூன்று இவை.

இந்தக் கூடம் ஏன் இவ்வளவு பெரியது? மியூனிக்கின் ஹோஃப்பிராய்ஹவுஸ் பியர்க் கூடத்தைப் பார்த்துக் கட்டியது என்பதே பயண நூல்கள் வழக்கமாகத் தரும் விடை. அது பாதி உண்மைதான். ஜெர்மனியிலேயே, ஃபிராங்கோனியா வட்டாரத்துச் சிற்றூர்களில், ஒரே குடும்பம் பியர் காய்ச்சித் தன் சத்திரத்திலேயே விற்கும் சின்னஞ்சிறு ஆலைகள் இன்றும் ஏராளம். அந்தச் சிறு வடிவமும் ஜெர்மன் மரபுதான். அது பாங்காக்குக்கு வராமல் பெருங்கூடம் மட்டும் வந்ததற்கான காரணத்தை ஜெர்மனியில் தேடிப் பயனில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். தாய்லாந்தின் கலால் விதிகளில் அதைத் தேட வேண்டும்.

ஆசியாவுக்கு ஜெர்மன் பியர்க் கலை வந்த வழிகள் பல. சீனாவின் சிங்தாவில் அது படையெடுப்பின் பின்னால் வந்தது. 1897இல் ஜெர்மனி கியாவ்சோ விரிகுடாவைக் கைப்பற்றியது. மறு ஆண்டு 99 ஆண்டுக் குத்தகை எழுதி வாங்கியது. 1903இல் ஹாங்காங்கைச் சேர்ந்த ஆங்கிலோ-ஜெர்மன் நிறுவனம் அங்கே ஜெர்மானியா ஆலையைத் தொடங்கியது. 1914இல் ஜப்பான் அந்நகரைப் பிடிக்க, இரண்டாண்டுகளில் ஆலையும் ஜப்பானிய நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜப்பானின் வழி வேறு. நாககாவா செய்பேய் என்ற இளைஞர் ஜெர்மனிக்குச் சென்று தொழில் கற்றுத் திரும்பினார். 1876இல் சப்போரோவில் அரசு தொடங்கிய ஆலையில் முதல் பியர் அவர் கையால் உருவானது.

சயாம், அதாவது அன்றைய தாய்லாந்து, எந்த ஐரோப்பிய நாட்டுக்கும் காலனியாக இருந்ததில்லை. ஆகவே அங்கே நடந்தது ஜப்பானின் கதைக்கு நெருக்கமானது. இதன் தொடக்கம் ஒரு பாலம் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. பிரயா பிரோம்பக்டி என்ற பட்டம் பெற்ற பூன்ராட், சாவ் பிரயா ஆற்றில் பயணிகள் படகு விட்டுப் பிழைத்த வணிகர். பாங்காக்கையும் தோன்புரியையும் இணைக்கும் நினைவுப் பாலம் 1932இல் திறக்கப்படவிருந்தது. படகுத் தொழில் நலியும் என்பதை அவர் முன்கூட்டியே கண்டுகொண்டார். மாற்றுத் தொழில் தேடியவருக்கு பியர் ஆலை என்ற எண்ணம் வந்தது. 1933இல் பூன் ராட் ஆலை நிறுவப்பட்டது. 1934இல் சிங்கா பியர் கடைக்கு வந்தது. அவர் மகன் பிரச்சுவாப் மியூனிக்கின் டோமன்ஸ் கல்விக்கூடத்தில் பயின்று, தாய்லாந்தின் முதல் ‘பிராவ்மைஸ்டர்’, அதாவது பட்டம் பெற்ற பியர் வல்லுநர், ஆனார். குடும்பத்தின் அடுத்த தலைமுறையினரும் அதே கல்விக்கூடத்துக்குச் சென்றார்கள்.

கற்றுவந்த கலைக்கு வெப்ப நாட்டில் ஒரு தடை இருந்தது: லாகர் பியர் வெப்பத்துக்கு ஒவ்வாதது. அதன் ஈஸ்ட் சுமார் 8 முதல் 12 பாகை செல்சியஸில் நொதிக்க வேண்டும். பின்பு உறைநிலைக்குச் சற்று மேலே பல வாரங்கள் கிடந்து முதிர வேண்டும். பவேரியாவில் ஆற்றுப் பனிக்கட்டியை வெட்டி நிலவறைகளில் அடுக்கி இதைச் சாதித்தார்கள். 1870களில் கார்ல் வான் லிண்டே மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையின் ஆதரவோடு குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகுதான் குளிர்கால நாட்டோடு லாகருக்கு இருந்த கட்டு அறுந்தது. கோதுமை பியர் இவ்வளவு குளிர் கேட்பதில்லை. 20 பாகையை ஒட்டி நொதிக்கும். வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணத்தை அதன் ஈஸ்ட்டே தந்துவிடும். பாங்காக் போன்ற ஊரில் வெளியே 35 பாகை வெயில் அடிக்க, உள்ளே ஒரு லாகர் தொட்டியை வாரக்கணக்கில் குளிரில் வைத்திருப்பது மின்செலவு மிகுந்த வேலை. இந்தச் செலவைச் சிறு கடை தாங்குவது கடினம்.

ஆனால் சிறு கடையை உண்மையில் தடுத்தது மின்கட்டணம் அன்று. 1950ஆம் ஆண்டு மதுபானச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள். பியர் ஆலை வைக்க ஆண்டுக்குக் குறைந்தது 1 கோடி லிட்டர் உற்பத்தி வேண்டியிருந்தது. விற்கும் இடத்திலேயே காய்ச்சும் ப்ரூபப் என்றால் குறைந்தது 1 லட்சம் லிட்டர், அதிகம் 10 லட்சம் லிட்டர். இரண்டுக்குமே பதிவு மூலதனம் 1 கோடி பாட். ப்ரூபப்பில் காய்ச்சியதைப் புட்டியில் அடைத்து வெளியே விற்கவும் தடை இருந்தது.

1 லட்சம் லிட்டரை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 274 லிட்டர். அரை லிட்டர் குவளையில் ஏறத்தாழ 550. மழை கொட்டும் செவ்வாய்க்கிழமையிலும் ஆளுக்கு இரண்டு குவளை குடிக்கும் 275 பேர் வந்தாக வேண்டும், அதுவும் அந்த ஒரே கூரையின் கீழ். தவன்டேங்கைக் கட்டியவர்கள் பெருங்கூடத்தை விரும்பியே கட்டியிருக்கலாம். ஆனால் அதைச் சுற்றி இருபது மேசைக் கடைகள் முளைக்காமல் போனதை விருப்பத்தால் விளக்க முடியாது. ஃபிராங்கோனியாவின் குடும்பச் சத்திரம் பாங்காக்கில் சட்டப்படியே சாத்தியமற்றதாக இருந்தது.

ஜப்பானோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கேயும் ஆண்டுக்கு 20 லட்சம் லிட்டர் என்ற வரம்பு சிறு ஆலைகளைத் தடுத்துவந்தது. 1994இல் அது 60,000 லிட்டராகக் குறைந்தது. அடுத்த ஆண்டே நீகாதா மாநிலத்தில் எச்சிகோ ப்ரூபப் திறந்தது. சில ஆண்டுகளில் நாடெங்கும் சிறு ஆலைகள் பெருகின. தென் கொரியா 2002இல் இதே கதவைத் திறந்தபோது அங்கும் ஜெர்மன் பாணிக் கடைகளே முதல் அலையாக வந்தன.

அத்தனை பெரிய கூடத்தைத் தினமும் நிரப்ப பியர் மட்டும் போதாது. இசை வேண்டும், சாப்பாடு வேண்டும். இங்கேதான் கூடம் ஜெர்மனியிடமிருந்து விலகித் தாய்லாந்துடையதாகிறது. தாய் மரபிசையில் ஊறிய அமெரிக்கர் புரூஸ் காஸ்டன், 1980களின் தொடக்கத்தில் பூன்யோங் கேட்கோங் என்ற மரபிசை மேதையோடு சேர்ந்து உருவாக்கிய ஃபோங் நாம் குழு பல ஆண்டுகள் இந்த மேடையில் வாசித்தது. பித்தளை ஊதுகுழல் இசையை எதிர்பார்த்து வந்த ஐரோப்பியர், தாய் மர இசைப்பலகையும் மேற்கத்திய இசைக்கருவிகளும் ஒன்றுகலந்து ஒலிப்பதைக் கேட்டார்கள். தாய் அரங்கிசையின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த பியர்க் கூடத்தை விட்டுவிட்டு எழுதக்கூடாது.

உணவும் அப்படித்தான். பவேரியாவில் பன்றியின் கால்மூட்டைச் சூட்டடுப்பில் வாட்டி, உருளைக்கிழங்கு உருண்டையும் கருங்குழம்பும் வைத்துத் தருவார்கள். பாங்காக்கில் அதை வேகவைத்து, எண்ணெயில் தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை பொரித்து, பூண்டும் பச்சைமிளகாயும் எலுமிச்சையும் சேர்ந்த காரத் துவையலோடு பரிமாறுகிறார்கள். பெயர் மட்டும் ‘கா மூ யெரமன்’, ஜெர்மன் பன்றிக்கால். இன்று இது பியர்க் கூடத்தைக் கடந்து தாய்லாந்தின் சாதாரண உணவகங்களிலும் கிடைக்கும் பண்டம். பியரும் உயரமான கண்ணாடிக் குழாயில் மேசைக்கு வந்து, கூட்டாகப் பகிர்ந்து குடிக்கப்படுகிறது; ஒருவருக்கு ஒரு குவளை என்ற ஜெர்மன் வழக்கத்தைவிட நடுவில் வைத்துப் பகிர்ந்துண்ணும் தாய் பழக்கத்துக்கு இதுவே இசைவானது.

பெருங்கூடத்தை உருவாக்கிய அந்த விதிகளும் நிலைக்கவில்லை. 2017இல் வீட்டில் பியர் காய்ச்சி விற்றதற்காகக் கைதாகி அபராதம் கட்டிய சட்டப் பட்டதாரி தாவ்பிபோப் லிம்ஜித்திரகோன், 2019இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். சிறு உற்பத்தியாளருக்கு வழிவிடும் மசோதாவை முன்னெடுத்தவர் அவரே. 2022 நவம்பர் 2 அன்று அது 196க்கு 194 என்று இரண்டே வாக்குகளில் தோற்றது. வாக்கெடுப்புக்கு முந்திய நாள்தான் அமைச்சரவை புதிய விதிகளை ஏற்றிருந்தது. 1 கோடி பாட் மூலதன நிபந்தனையும் ப்ரூபப்புக்கான 1 லட்சம் லிட்டர் வரம்பும் அவற்றால் நீங்கின. பெருங்கூடத்தை மட்டுமே அனுமதித்த காலம் அதோடு முடிந்தது.

பியர் வரலாற்றை ஆய்வோர் பெரும்பாலும் செய்முறையையும் நிறுவனங்களையும் பின்தொடர்கிறார்கள். ஆசிய நகரங்களைப் பொறுத்தவரை அது போதாது. பாங்காக், டோக்கியோ, சோல் ஆகிய மூன்று நகரங்களின் உரிம வரம்புகளையும் கடைகளின் அளவையும் ஆண்டுவாரியாக அருகருகே வைத்து ஒரு விரிவான ஒப்பாய்வு செய்யப்பட வேண்டும். கலால் துறை ஆவணங்களிலிருந்து அதைத் தொடங்குவதே முறை.